மேஜர் போயிண்டு

இரும்பு கேட்டின் கொண்டி விழும் சத்தம் எங்கே கேட்டாலும் இன்றும் ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். ஹைதராபாத் சைனிக்புரியின் மதியங்களில் வேறு சத்தமே கிடையாது. வேப்பம்பூ உதிர்வதுகூடக் கேட்கும் என்று கவிதையாக எழுதலாம். உண்மையில் கேட்பது கொண்டியும், அதைத் தொடர்ந்து நாயும்தான். அப்படி ஒரு கேட்டைத் திறந்துபோய்த்தான் நான் ஒரு மனிதரைக் கொன்றேன். பேனாவால்.

அப்போது நான் தபால்காரி. திருநெல்வேலியில் தபால் பட்டுவாடா செய்துகொண்டிருந்தவள். கணவருக்கு ஹைதராபாத்தில் கணினி வேலை கிடைத்ததும் மாற்றல் கேட்டு, கெஞ்சிக் கூத்தாடி வந்து சேர்ந்திருந்தேன். நான் வந்த அன்றே போஸ்ட்மாஸ்டர் சொல்லிவிட்டார்: தெலுங்கு தெரியாமல் இங்கே காலம் தள்ள முடியாது, எழுத்தில் ஒரு புகார் வந்தால் போதும், திரும்பத் திருநெல்வேலிதான். கணவரும் மகளும் இங்கே. நானும் தாமிரபரணியும் அங்கே. நினைத்தாலே உள்ளம் கலங்கும். (இது இலக்கியத்துக்காக. உண்மையில் அன்றிரவே ரயில் நேரம் பார்த்து வைத்தேன்.)

பயத்தில் தெலுங்கு படித்தேன், புத்தகம் வைத்து. அதில் ஓர் எச்சரிக்கை இருந்தது: ஒருவர் வெளியே சென்றிருந்தால் 'வெள்ளாரு' என்று சொல்ல வேண்டும். 'போயாரு' என்றால் காலமாகிவிட்டார் என்று பொருள். சிவப்பு மையால் அடிக்கோடு போட்டு வைத்துக்கொண்டேன். தெலங்கானாவில் மனிதர்கள் கடைக்கும் 'போவார்கள்', கல்யாணத்துக்கும் 'போவார்கள்', போன பிறகு உயிரோடு திரும்பியும் வருவார்கள் என்று அந்தப் புத்தகம் சொல்லவில்லை. (எழுதியவர் கடலோர ஆந்திராக்காரராக இருக்க வேண்டும்.)

அன்று ஓய்வுபெற்ற மேஜர் ஒருவருக்கு, ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து பதிவுத் தபால். கேட்டில் வாட்ச்மேன் நின்றிருந்தார். கண்கள் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. சுவரோரம் ஷாமியானாப் பந்தல், அடுக்கி வைத்த வாடகை நாற்காலிகள்.

"சாரு உன்னாரா?" என்றேன், இலக்கண சுத்தமாக.

"லேடம்மா. சாரு போயிண்டு."

"அய்யோ! எப்புடு?"

"நின்ன."

இல்லையாம், போயே போய்விட்டாராம், அதுவும் நேற்றுதான்! அவர் ஆன்மா சாந்தி அடையட்டும் என்பதைப் புத்தகத் தெலுங்கில் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். வாட்ச்மேன் திகைத்துப்போய் "ஹவ், ஹவ்" என்று தலையாட்டினார். முன்பின் பார்த்திராத மேஜருக்காக எனக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உறையின் மேல், 'இறந்துவிட்டார், அனுப்பியவருக்கே திருப்புக' என்று ஆங்கிலத்தில் முத்து முத்தாக எழுதினேன்.

(வாட்ச்மேனுக்குக் கண்வலி. ஷாமியானா பக்கத்து வீட்டுக் காதுகுத்துக்கு. மேஜர் போனது பெங்களூருக்கு, தங்கை வீட்டுக்கு.)

அப்புறம் ஒருநாள் எங்கள் கவுன்ட்டருக்கு முன்னால் ஒரு வெள்ளை மீசை வந்து நின்றது. வேலூர்ப் பக்கம் பிறந்து, பட்டாளத்துக்குப் போய், செகந்திராபாத்திலேயே நரைத்த மீசை.

"ஏம்மா, நீதானா அது?"

"எது சார்?"

"என்னைச் சாகடிச்சது. பென்ஷன் நின்னுபோச்சு. போன் பண்ணி மேஜர் பேசறேன்னா, அவர் இறந்துட்டாரே, நீங்க யாருங்கறான். கைக்கும்மா, எதுக்கும்மா இப்படிப் பண்ணே?"

போஸ்ட்மாஸ்டர் ஓடிவந்தார். மேஜரை உட்கார வைத்து, புகாரை எழுத்தில் கொடுக்கும்படி பணிவாகச் சொன்னார்.

"செத்தவன் எழுதிக் குடுத்தா செல்லுமா சார்?" என்றார் மேஜர். "மொதல்ல என்னை எழுப்புங்க. அப்புறமா எழுதறேன்."

எழுப்புவதும் எங்கள் இலாகாவின் வேலைதான். தபால்காரரே வீட்டுக்குப் போய், கைக்கடக்கமான ஒரு கருவியில் விரல்ரேகை எடுத்து, உயிர்வாழ் சான்றிதழ் பதிவுசெய்வார். கொன்றவளையே அனுப்பிவைத்தார் போஸ்ட்மாஸ்டர்.

மேஜரின் மனைவி கதவைத் திறந்தார். கூடத்தில் உட்கார்ந்து கருவியை நீட்டினேன். கட்டைவிரல்: சிவப்பு விளக்கு. ஆள்காட்டி விரல்: சிவப்பு. மற்ற கை: சிவப்பு.

"மெஷினுக்கே சேதி போயிருச்சு பாருங்க," என்றார் மனைவி.

அவர்கள் சிரித்தார்கள். எனக்கு வியர்த்தது. பச்சை விளக்கு எரிந்தால் அவருக்கு உயிர் வரும்; உயிர் வந்தால் புகார் வரும்; புகார் வந்தால் எனக்குத் திருநெல்வேலி. எரியாதே, எரியாதே என்று மனதின் ஒரு மூலை முணுமுணுத்தது. (சின்ன மூலைதான். ஆனால் நல்ல கணீர்க் குரல்.) நாற்காலி நுனியில் முதுகு நிமிர்த்தி, பள்ளிப் பிள்ளைபோல் விரலை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார் மேஜர். பார்க்கப் பார்க்கத் தாங்கவில்லை.

"ஒரு ஈரத்துணி குடுங்க ஆன்ட்டி," என்றேன். "தொடச்சா எடுக்கும்."

நானே துடைத்தேன். நானே அழுத்தினேன். பச்சை.

"இப்ப உசிரோட இருக்கேனா?"

"இருக்கீங்க சார்."

"அப்ப பேனா குடு."

கொடுத்தேன். வேறென்ன செய்ய? அவர் ஒரு தாளை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டார்.

"எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க," என்றார் மனைவி. "நீங்க செத்துட்டீங்கன்னு கேட்டு யாராச்சும் அய்யோன்னாங்களா? ஆபீஸ்காரன் போனை வெச்சுட்டான். உங்க தங்கச்சி விழுந்து விழுந்து சிரிச்சா. ஏன், நானும்தான் சிரிச்சேன். இந்தப் பொண்ணு ஒண்ணுதான் கேட்டுல நின்னு அழுதுச்சாம், வாட்ச்மேன் சொன்னான்."

மேஜர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மீசையைத் தடவினார். தாளை மடித்தார், இன்னும் சின்னதாக மடித்தார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நக்கோ," என்றார். "எழுதலை."

அதனால்தான் இன்னும் ஹைதராபாத்தில் இருக்கிறேன், கேலிக்கு ஆளாகிக்கொண்டு. மாலையில் வீட்டுக்கு வந்து, "அப்பா எங்கடி?" என்று கேட்டால் மகள் போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வாள்: "டாடி போயிண்டு மம்மி. தெலங்கானா போயிண்டு. ப்ளீஸ், எதுவும் எழுதிடாதே."

அன்று அந்த வீட்டில், கருவியைப் பையில் திணித்துக்கொண்டு எழுந்தேன். நம் வழக்கப்படி, "வரேன் சார்," என்றேன்.

"வராதேம்மா," என்றார் மேஜர். "நீ ஒரு தடவை வந்ததுக்கே நான் போயிட்டேன்."