தெங்கேரா என்று நம்பி இறங்கியவர்

ஒரு விஷயத்தைச் சத்தமாகச் சொன்னால் போதும், ஆட்கள் நம்பிவிடுவார்கள். சரியா தப்பா என்று பார்ப்பதில்லை. மெர்டேக்காவுக்கு, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்ததற்கு, மறுவருஷம் இதைக் கற்றுக்கொண்டேன். பஸ் ஓட்டிக்கொண்டே.

நான் டிரைவர். அக்கா வீட்டுக்காரர் அதே பஸ்ஸில் கண்டக்டர். காஜா பெராங்கில் எல்லோருக்கும் ஒரே வீடு. மச்சானுக்கு நடுக்குவாதம். ஆஸ்பத்திரியில் பார்க்கின்சன் என்றார்கள். கை நடுக்கத்தைச் சமாளித்தார். டிக்கெட் தானாகவே கிழிகிறது என்பார். குரல்தான் போய்விட்டது. அவர் ஊர் பெயரைச் சொன்னால் பக்கத்து சீட்டுக்கே கேட்காது. இறங்க வேண்டியவர்கள் தாண்டிப் போய்ச் சண்டை போட்டார்கள். இன்ஸ்பெக்டர் ஏறிப் பார்ப்பார், குரல் கேட்காவிட்டால் வேலை இல்லை என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி மிஸ்ஸி, நர்ஸம்மா, வழி சொன்னார்.

"அவரு காதுக்கு அவரு கத்துற மாதிரிதான் இருக்கும். அத நம்பாதீங்க. நல்லா மூச்சு இழுத்து, நீட்டி 'ஆ' சொல்லச் சொல்லுங்க. அப்புறம் வேலையில சொல்ற வார்த்தைங்க. நீங்க தள்ளி நின்னு கேளுங்க."

அதற்கு என்னைப் பிடித்தார்கள். நானோ யாராவது கேட்டால் மட்டும் பதில் சொல்கிற ஆள். (சில நாள் அதுவும் இல்லை.)

தெங்கேரா கடலோரத்தில் அவரை நிறுத்திவிட்டுத் தள்ளிப் போய் நின்றேன். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

"தொண்ட கிழியக் கத்திட்டேன், மாப்ள" என்றார் கிட்டே வந்து.

"கேக்கல, மச்சான்."

"ஒனக்குக் காது செவிடுலா!"

பிறகு கை தட்டித் தாளம் போட்டேன். தாளத்தோடு குரல் கிளம்பிவிட்டது. பண்டார் ஹிலிர், தெங்கேரா, காஜா பெராங், புக்கிட் பாரு! போகிற வழியில் பஸ் நிற்கிற இடங்கள், வரிசையாக, ஒரே ஓட்டம். மீன்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெரிய டாக்டர் மாதிரி வீட்டுக்கு நடந்தேன்.

இன்ஸ்பெக்டர் கோலாலம்பூர்க்காரர். ஊருக்குப் புதுசு. பண்டார் ஹிலிரில் ஏறுவார் என்று காத்திருந்தோம். ஏறவில்லை. திரும்பி வரும்போது புக்கிட் பாருவில் ஏறினார். தெங்கேராவுக்கு டிக்கெட் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரும்புகிற வழியை நான் பழக்கவே இல்லை.

மச்சான் மூச்சை இழுத்தார். கம்பியில் தாளம் தட்டினார். புக்கிட் பாருவில் நின்றுகொண்டு, "பண்டார் ஹிலிர்!" என்றார். கண்ணாடி அதிர்ந்தது.

"ஏன் கண்டக்டரே, பஸ்ஸு பின்னாலயா போவுது?" என்றார் ஒரு அம்மா. பஸ்ஸே சிரித்தது.

தப்பு மச்சானுக்கும் தெரிந்தது. ஆனால் ஓட்டத்தை நிறுத்தினால் குரல் அடங்கிவிடும். அவர் நிறுத்தவில்லை. காஜா பெராங் வந்தது. "தெங்கேரா!"

இன்ஸ்பெக்டர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மச்சான் மணி அடித்தார். (மணி கேட்டால் என் கால் தானாக மிதித்துவிடும்.) கிளம்பிவிட்டோம்.

சாயங்காலம் கம்பெனிக்கு வேர்த்து வழிய வந்தார்.

"கண்டக்டர் யாரு?"

மச்சான் கையைத் தூக்கினார். குரல் வரவில்லை.

"அந்தச் சத்தத்த நம்பித்தான்யா எறங்கினேன்! கடலத் தேடிச் சந்து சந்தா நடந்தேன்! யாரு இவருக்குப் பழக்கினது?"

"நான்தான் சார்" என்றேன். "அவரு வேலை?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். "கத்துறதுக்கு ஒரு கொறையும் இல்ல. வேலையில இருக்கட்டும். போறப்ப இவரு கத்தட்டும். வர்றப்ப நீ கத்து."

அப்படித்தான் ஓடியது, மச்சான் வேலையை விடும்வரை. போகும்போது அவர், வரும்போது நான். தெரிந்தவர்கள் என் குரலைக் கேட்கவென்றே திரும்புகிற பஸ்ஸில் ஏறினார்கள்.

இன்றைக்கும் யாராவது கேள்வி கேட்டு நான் வாயைத் திறக்காமல் இருந்தால், அக்கா சொல்வார்:

"விடுங்க, பஸ்ஸு திரும்பட்டும். அப்பப் பேசுவான்."