பென்சில் விமர்சகர்

நாவலைப் படிக்காமலே நாவலைப் பற்றிப் பேசுவது ஒரு கலை. அந்தக் கலையில் நான்கு மாதம் கொடிகட்டிப் பறந்தவன் நான். ஐந்தாவது மாதம் நடந்ததைத்தான் உங்களிடம் சொல்லி அழ வந்திருக்கிறேன்.

எங்கள் வாசகர் வட்டம் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டரின் கிளினிக்கில் கூடும். நோயாளிகள் காத்திருக்கும் நாற்காலிகளில் ஒன்பது பேர் வரிசையாக உட்காருவோம். எதிர்ச்சுவரில் சொத்தைப் பல் படம். உட்கார்ந்த வரிசையில் எழுந்து, நாவலைப் பற்றி மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முன்னால் பேசியவர் சொன்னதையே சொல்லக் கூடாது. புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாதவர் உள்ளே போய் எல்லோருக்கும் டீ போட வேண்டும். இதுதான் விதி.

என் மனைவியும் உறுப்பினர். வீட்டுக்கு ஒரே ஒரு பிரதிதான் வாங்குவோம். அவள் கையில் பென்சில் இல்லாமல் படிக்க மாட்டாள். தோன்றியதையெல்லாம் பக்க ஓரத்தில் எழுதி வைப்பாள். நான் பென்சிலை மட்டும் படிப்பேன். கூட்டத்தில் அவளுக்கு முந்தைய நாற்காலியைப் பிடித்து, அத்தனையையும் கொட்டிவிடுவேன். "அடடா, என்ன பார்வை!" என்பார் டாக்டர். அடுத்து அவள் எழுந்து, "அவர் சொன்னதுதான் எனக்கும்" என்று சொல்லிவிட்டு டீ போடப் போவாள். நான்கு மாதமும் அவள்தான் போட்டாள். நன்றாகவே இருந்தது.

போன மாதம் வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, உங்களுக்குக் கொஞ்சம்கூட கூச்சமா இல்லையா?"

"புருஷன் பொண்டாட்டி ஒரே மாதிரி யோசிக்கிறது தப்பா?"

"யோசிச்சது யாரு?"

"வெளியில சொன்னது யாரு?"

அதற்கு மேல் அவள் பேசவில்லை. மனைவி பேசாமல் இருந்தால் ஜெயித்துவிட்டோம் என்று நினைக்கிற ரகம் நான்.

இந்த மாதக் கூட்டம் சாதாரணமானதல்ல. வட்டத்தின் தலைவரான ரிட்டையர்டு ஹெட்மிஸ்ட்ரஸ் விலகுகிறார். அன்றைக்கு நன்றாகப் பேசுகிறவரே அடுத்த தலைவர். அடுத்த மாத நாவலைத் தேர்ந்தெடுப்பதும் அவர்தான். எனக்கு அந்தப் பதவி வேண்டும். ஆபீசில் இருபது வருஷமாக கிளார்க். என்னைத் தலைவர் என்று கூப்பிட உலகத்தில் ஒரு ஆள் கிடையாது.

சனிக்கிழமை காலை புத்தகத்தைப் புரட்டினேன். ஓரமெல்லாம் பென்சில். இவ்வளவு சூடாக அவள் எழுதியதே இல்லை. ஒரு வரி விடாமல் மனப்பாடம் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் நாற்காலியைப் பிடித்து, முதல் ஆளாக எழுந்து தொண்டையைச் செருமினேன்.

"இந்த நாவலோட உயிரே அந்தப் புருஷன்தான். சுத்த சோம்பேறி. பொண்டாட்டி மூளையை வெச்சு ஊர்ல பேர் வாங்கறவன். வாயைத் திறந்தா வர்றதெல்லாம் இரவல் சரக்கு!"

யாரும் அசையவில்லை. சபையைக் கட்டிப்போட்டுவிட்டேன் என்று குரலை இன்னும் உயர்த்தினேன்.

"இந்த ஆளோட பதினெட்டு வருஷம் குப்பை கொட்டினாளே, அவளுக்குச் சிலை வைக்கணும்!"

டாக்டர் மெதுவாக இருமினார்.

"சார், இது எந்தப் பக்கத்துல வருது?"

"எல்லாப் பக்கத்துலயும்தான்."

"இல்ல சார்... கலங்கரை விளக்கத்துல தனியா வாழற ஒரு அம்மாவோட கதை இது. அவங்களுக்குக் கல்யாணமே ஆகலையே."

"இதுல ஆம்பளைன்னு வர்றதே அந்தப் பூனை ஒண்ணுதான்" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

மனைவியைப் பார்த்தேன். அவள் சொத்தைப் பல்லை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாவலைப் பத்தி நீங்க ஒண்ணுமே சொல்லலையே" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். "கெட்டில் உள்ள இருக்கு."

நான் உள்ளே போனேன். வெளியே அவள் பேச ஆரம்பித்தாள். இருபது நிமிஷம். அந்த அம்மாவின் தனிமையைச் சொன்னாள், நடுவில் நூறு பக்கம் வெட்டியிருக்கலாம் என்றாள். கதவோரம் நின்று கேட்டேன். எனக்கே வெட்கமாக இருந்தது. அவ்வளவு நன்றாகப் பேசினாள். மற்றவர்களும் பேசி முடிந்ததும் ஒன்பது கப்போடு நான் வெளியே வந்தபோது தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன்.

"அடுத்த மாசம் என்ன நாவல், தலைவரே?"

பையிலிருந்து செங்கல் கனத்தில் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இந்தத் தடவை ரெண்டு வாங்கிட்டேன். இது உங்களுக்கு."

"இப்பதானே தலைவர் ஆனே? எப்ப வாங்கின?"

"போன வாரமே."

தெருவிளக்கடியில் நின்று அவசரமாகப் புரட்டினேன். எண்ணூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஓரத்தில் ஒரு பென்சில் கோடுகூட இல்லை.