நான் போட்ட ஆமென்

கைப்பழக்கம் பொல்லாதது. புத்தி வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் கை காரியத்தை முடித்துவிடும். என் கை முடித்தது செல்லையா சாரின் காரியத்தை.

நாகர்கோவில் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முந்தைய வருடம். எங்கள் சபையில் பாடத் தெரிந்த எல்லோருக்கும் சுரம் சொல்லிக்கொடுத்தவர் செல்லையா சார். ஊருக்கு அவர் பாட்டு வாத்தியார், அவ்வளவுதான். சொந்தமாக இசை எழுதுவார் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு வயலின், ஒரு செல்லோ, ஒரு ஆர்மோனியம். வார்த்தையே இல்லாமல், மூன்று பாகமாக, ஆறு வருடம் உட்கார்ந்து எழுதியிருந்தார். ஆர்மோனியத்துக்கு என்னைப் பிடித்தார். (வேறு ஆள் கிடைக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.)

நான் ஞாயிறுதோறும் ஆராதனையில் வாசிப்பவன். பாட்டு முடிந்ததும் கட்டைகளை இரண்டு முறை அழுத்தி ஆமென் போடுவேன். சபை எழுந்து ஆமென் பாடும். ஒத்திகையில் இரண்டாம் பாகம் மெல்ல அடங்கும் இடத்தில் விரல் தானாக ஆமெனுக்குப் போனது. ஒரு முறையல்ல, மூன்று முறை. சார் நீலப் பென்சிலால் என் தாளின் ஓரத்தில் 'ஆமென் கிடையாது' என்று எழுதினார்.

"மூணாவது பாகத்துலதாம் மக்கா நான் சொல்ல வந்ததே இருக்கு. அதுவரைக்கும் கையை அடக்கி வையி" என்றார்.

அரங்கேற்றத்தன்று சாயங்காலம் ஆலயம் நிறைந்திருந்தது. தாளைப் பார்த்து வாசித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. இரண்டாம் வரிசையில் எஸ்தர் இருந்தாள். அவள் என்னையே பார்ப்பதாக நினைத்து, பெரிய வித்வான் போலக் கண்ணை மூடிக்கொண்டேன். வயலின்கள் அடங்கின. என் கை ஆமென் போட்டது.

சபையைக் குறை சொல்ல முடியாது. சார் பழக்கிய சபை. மொத்தமும் எழுந்து நின்று நாலு குரலில் அப்பழுக்கில்லாமல் ஆமென் பாடியது. கன்னியாகுமரி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய விருந்தாளிப் போதகர், இதற்காகவே காத்திருந்தவர்போல இரு கையையும் உயர்த்தி நிறைவு ஆசீர்வாதம் கூறிவிட்டார். அதற்குப் பிறகு யார் உட்காருவார்கள்? வெளியே சுக்குக்காப்பியும் முந்திரிக்கொத்தும் வேறு தயாராக இருந்தன.

செல்லோ வாசித்த தங்கராஜ், "ஏலே, இன்னும் முடியல்லியே" என்றான். முதல் வயலின் வாசித்த சார், வில்லை மடியில் வைத்துக்கொண்டு, காலியாகும் பெஞ்சுகளைப் பார்த்தபடி இருந்தார்.

"ஆமென் சுதி சுத்தமா இருந்துச்சு மக்கா" என்றார் கடைசியில். அதற்கு இரண்டு அடி கொடுத்திருக்கலாம்.

இன்னொரு நாள் வைத்துக்கொள்வோமா என்று பலமுறை கேட்டேன். பார்ப்போம் என்பார். மூன்று வருடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். அடக்க ஆராதனையில் பேசியவர்கள் எல்லோரும் நல்ல பாட்டு வாத்தியார் என்று புகழ்ந்தார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை. அந்த மூன்றாம் பாகத்தை ஒத்திகையில் வாசித்த நாலு பேரில் இப்போது மிச்சம் நான் ஒருவன். மற்றவர்களின் தாள்களும் போன இடம் தெரியவில்லை.

என் தாள் இருக்கிறது. மூன்றாம் பாகத்தை ஆர்மோனியம்தான் தனியாகத் தொடங்குகிறது. என்னை நம்பி எழுதியிருக்கிறார் மனுஷன். சில சாயங்காலங்களில் அதை வாசித்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, வராத வயலின்களுக்காக எண்ணிக்கொண்டிருப்பேன். உடனே அடுக்களையிலிருந்து எஸ்தர் (ஆமாம், அதே எஸ்தர்தான்) இழுத்துப் பாடுவாள்: "ஆமென்." பேரப்பிள்ளைகளும் சேர்ந்துகொள்ளும்.

இன்னும் முடியவில்லை என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அதற்கும் ஆமென் என்றார்கள்.