திருத்தக் கடைசி அவசரம்

மட்டாஞ்சேரி,
ஜூலை 8, செவ்வாய்க்கிழமை.

மிகவும் மரியாதைக்குரிய பாண்டியராஜன் மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகள் பாக்கியலக்ஷ்மி வணக்கத்துடன் எழுதுவது. கம்பத்தில் நீங்களும் அத்தையும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நால்வரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, அதனால் எழுதிவிட்டேன். மற்றபடி, மழை நான்காவது வாரமாக விடவில்லை, வீட்டுச் சுவரெல்லாம் ஈரம், அம்மாவுக்கு இருமல், துவைத்த துணி ஒன்றும் காயவில்லை, தங்கை ரோஜாவின் வாழ்க்கை பாழாகிவிட்டது. கடைசியில் சொன்னதற்காகத்தான் இந்தக் கடிதம். வாட்ஸாப்பில் அனுப்பலாம் என்றால் வீட்டில் உள்ள ஒரே போன் அப்பாவிடம் இருக்கிறது, அதில் எது வந்தாலும் அவர் மார்க்கெட்டில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நின்று சத்தமாக வாசிப்பார். அதனால் தபாலில் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கடையைப் பற்றி அம்மா சொல்லியிருப்பாள். முதலாளி வெங்கிடேஸ்வரன் சார் பாலக்காட்டுக்காரர், மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருக்கிறார், எங்களிடம் தமிழில் பேசுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். ரேஷன் கார்டு, ஆதார் திருத்தம், பிறப்புச் சான்றிதழ் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால் மட்டும் கடை வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது, எல்லாரும் பிளஸ் ஒன் விண்ணப்பம் போட வருகிறவர்கள். எந்தப் பள்ளிக்கூடம், எந்தப் பாடப்பிரிவு, எதை முதலில் போடுவது, எதை இரண்டாவதாகப் போடுவது என்று வரிசையாகக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு எண் உண்டு. எனக்கு எல்லாம் மனப்பாடம். சார் எல்லாரையும் என் பக்கம் தள்ளிவிடுவார். “இவளண்ட கேட்டா மதி, எல்லா நம்பரும் இவளுக்குப் பாடமாக்கும்” என்பார். மதி என்றால் இங்கே போதும். உடனே ஒரு அப்பா குனிந்து, “மோளே, ஏதா நல்லது?” என்று கேட்பார். பத்தாம் வகுப்போடு நின்ற என்னிடம்! இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு இடம் கிடைத்த வாரம்தான் அம்மா படியில் விழுந்து கால் முறிந்தது, பள்ளியில் போய்ச் சேர வேண்டிய நாட்கள் ஆஸ்பத்திரியிலேயே முடிந்துபோயின, அந்த இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்துவிட்டார்கள். நீங்களும் அப்போது வந்திருந்தீர்கள், நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படிப்பட்டவளிடம் வந்து எது நல்லது என்று கேட்டால் நான் என்ன சொல்வேன். கீபோர்டைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். அவர்களே தங்களுக்குள் சண்டை போட்டு ஒன்றைச் சொல்வார்கள். படிக்கப்போகிற பிள்ளை பின்னால் நனைந்த குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதனிடம் ஒருவரும் கேட்க மாட்டார்கள். பார்க்கப் பாவமாக இருக்கும்.

நம் ரோஜாவுக்கு அந்த நிலைமை வரக்கூடாது என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்தேன். அவளுக்கு எட்டுப் பாடத்தில் ஏ பிளஸ். பள்ளுருத்தியில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியலோடு சேர்ந்த சயன்ஸ் பிரிவு இருக்கிறது, பஸ் ஏறினால் கால் மணி நேரம். அதன் பிறகு நர்சிங் போகலாம், லேப் படிப்பு போகலாம், என்ன வேண்டுமானாலும் போகலாம். இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்து, போன வருஷம் எந்த மார்க்குக்கு எங்கே இடம் கிடைத்தது என்று பார்த்து, எது கிடைக்கும் எது கிடைக்காது என்று நோட்டில் வரிசை போட்டு, அதை முதலாவதாக வைத்தேன். ரோஜாவிடம் காட்டினேன், தலையாட்டினாள். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. விண்ணப்பம் போடும் அன்று அப்பா கடைக்கு வராமல் இருந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

அப்பா வந்தார். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, என்னென்ன பாடம் என்று வாசிக்கச் சொன்னார். எனக்குப் பாடத்தின் பெயரெல்லாம் மலையாளத்தில்தான் வரும், படித்தது அதில்தானே. ஜீவசாஸ்திரம், ரஸதந்திரம் என்று வாசித்தேன். ரஸதந்திரம் என்றால் வேதியியல், மாமா.

“ரசத்துல என்னத்தா தந்திரம்?” என்றார் அப்பா. “புளியக் கரைச்சா ரசம். அதுக்குப் பள்ளிக்கூடம் போகணுமா?”

“இல்லப்பா, அது வந்து...”

“ஆஸ்பத்திரி வேலைக்குப் படிக்கிற படிப்புன்னு சொன்ன. அதுல ரசம் எங்க வந்துச்சு? உன்னைய நல்லா ஏமாத்துறாய்ங்க. அடுத்தத வாசி.”

கடை முழுக்க ஆட்கள். அடுத்த பிரிவை வாசித்தேன். அதில் கடைசிப் பாடம் பூமிசாஸ்திரம். அதுதான் நாம் புவியியல் என்று சொல்வது, மழையும் மலையும் வரைபடமும். அந்த நேரத்தில் புவியியல் என்ற சொல் வாயில் வந்திருந்தால் ரோஜா தப்பித்திருப்பாள். பூமி என்று காதில் விழுந்ததும் அப்பா நிமிர்ந்துவிட்டார்.

“நில்லு. என்ன சாஸ்திரம்?”

“பூமிசாஸ்திரம்ப்பா.”

“அப்படிச் சொல்லு. அளவு, பட்டா, எல்லைக்கல்லு எல்லாம் அதுலதான வரும்? நம்ம வீட்டுல ஒருத்தியாவது அதப் படிக்கட்டும். உங்க பெரியப்பனுக்கு அப்பத் தெரியும்.”

ஊரில் அந்த மூன்று சென்ட் இடத்தில் எல்லைக்கல்லை யார் நகர்த்தியது என்று அப்பாவும் பெரியப்பாவும் பதினொரு வருஷமாகப் பேசாமல் இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கல்லை நகர்த்தி வைக்கத்தான் ரோஜா பிளஸ் ஒன் படிக்க வேண்டும் என்று அப்பா அன்றைக்கு முடிவு செய்தார். புவியியல் உள்ள பள்ளிக்கூடங்களில் ஆலுவாவைத் தேர்ந்தெடுத்தார். இங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். ஏன் ஆலுவா என்று மெதுவாகக் கேட்டேன். “அங்க ரயில் நிக்கும்த்தா. பிள்ளை படிச்சு முடிச்ச கையோட அப்படியே ஊருக்கு ஏறிரலாம்” என்றார். கம்பத்துக்கு ரயிலே கிடையாது என்பதை நான் சொல்லவில்லை. ஆலுவா முதலாவது, பள்ளுருத்தி இரண்டாவது என்று போட்டேன்.

என்னைத் திட்டாதீர்கள் மாமா, எனக்கும் ஒரு யோசனை இருந்தது. முதலில் ஒரு சோதனைப் பட்டியல் வெளியிடுவார்கள், அதைப் பார்த்துவிட்டு ஒரு முறை வரிசையைத் திருத்திக்கொள்ளலாம். அப்போது ஒருவருக்கும் தெரியாமல் பள்ளுருத்தியை மேலே தூக்கி வைத்துவிடுவது, அப்பாவிடம் ஆலுவாவில் மார்க் போதவில்லையாம் என்று சொல்லிவிடுவது. சோதனைப் பட்டியல் வந்தது. ரோஜாவுக்கு ஆலுவா. திருத்துகிற கடைசி நாள் மத்தியானம், கடையில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து அவள் பக்கத்தைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து மழை வலுத்தது, மார்க்கெட்டில் தண்ணீர் ஏறி அப்பா எங்கள் கம்ப்யூட்டர் கடைக்குள் வந்து ஒதுங்கினார். தலையைத் துவட்டிக்கொண்டே சுவரைப் பார்த்தார். சார் அங்கே போர்டில் மலையாளத்தில் பெரிதாக எழுதி வைத்திருந்தார்.

“அதுல என்ன போட்டுருக்கு?”

அப்பாவுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. நான் இருந்ததை இருந்தபடியே வாசித்தேன். “திருத்தான் அவசான அவசரம்.”

மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு, மாமா. திருத்தக் கடைசி வாய்ப்பு என்று அர்த்தம். பதினைந்து வருஷம் இந்த ஊரில் காய்கறி விற்றவருக்கு அந்த ஒரு சொல் தெரியாமல் போனது எங்கள் தலையெழுத்து. வெண்டைக்காய் வாங்க வருகிறவர்கள் ஒருவரும் அப்படிப் பேசுவதில்லை.

“கடைசி அவசரமா? அப்ப என்னத்துக்கு ஆடி அசைஞ்சுக்கிட்டு இருக்க? அமுக்குத்தா.”

“அப்பா, அந்த அவசரம் இல்லப்பா...”

“எந்த அவசரமா இருந்தா என்ன? அவசரம் அவசரந்தான்.”

மவுஸ் மேல் இருந்த என் விரலின் மேல் அவர் விரலை வைத்து அமுக்கினார். ஒன்றையும் திருத்தாமலே திருத்தி உறுதி செய்தாகிவிட்டது. உறுதி செய்த பிறகு அந்தப் பக்கம் திறக்காது. உள்ளேயிருந்து சார், “எந்தா அங்க சத்தம்?” என்றார். “திருத்த வந்தோம் சார், முடிஞ்சிருச்சு” என்றார் அப்பா. “அது மதி, நல்ல காரியம்” என்றார் சார். அப்பா மழை விடும்வரை இருந்து ஒரு சாயா குடித்துவிட்டுப் போனார்.

இறுதிப் பட்டியல் வந்த அன்று நானும் ரோஜாவும் சமையல்கட்டில் உட்கார்ந்து அழுதோம். அம்மா வந்து வெங்காயம் அவ்வளவு காரமா என்று கேட்டாள், ஆமாம் என்றோம். இப்போது மூன்று வாரமாக ரோஜா காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து ஆலுவா போகிறாள். அவள் படுகிற பாட்டை நான் எழுதினால் நீங்கள் தாங்க மாட்டீர்கள். பஸ்ஸில் யாருடனும் பேசாமல் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டே போகிறாளாம், வரும்போதும் அப்படியேயாம். வீட்டுக்கு வந்தாலும் பேச்சு குறைந்துவிட்டது. சுவரில் ஈரம் பரவியிருக்கிற இடத்தைச் சுற்றித் தினமும் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுகிறாள். ஜெயிலில் இருப்பவர்கள் நாளை எண்ணுவதற்குத்தான் அப்படிச் செய்வார்கள்.

இதில் அப்பா மார்க்கெட் முழுக்க, என் மகள் பூமிசாஸ்திரம் படிக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறார். போன வாரம் பூ விற்கிற ஜெயலக்ஷ்மி அக்கா ஒரு சுருட்டிய காகிதத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். ஊரில் ஏழு வருஷத்துக்கு முன்னால் வாங்கிய மனையின் படம்.

“ஏ ரோஜா, கெணறு எந்த மூலைல தோண்டுறதுன்னு உன் சாஸ்திரத்தப் பாத்துச் சொல்லு.”

பாவம், ரோஜா மறுத்துப் பேசக்கூட இல்லை. தரையில் விரித்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் தலையைத் தூக்கவில்லை. பிறகு, “அக்கா, இத்தன நாளும் இதத் தலைகீழா வச்சுப் பாத்திருக்கீங்க. நீங்க வாசல் வைக்கிறதாச் சொல்ற பக்கம் ஓடை. ரோடு பின்னால இருக்கு” என்றாள்.

ஜெயலக்ஷ்மி அக்கா குனிந்து படத்தில் அந்த ஓடையை விரலால் தொட்டுப் பார்த்தார்கள். “ஏழு வருசமா அந்த வாசல்லதான்டி கோலம் போட்டுக்கிட்டு இருக்கேன், மனசுக்குள்ள” என்று சொல்லிவிட்டு, கொடுத்த சாயாவைக் குடிக்காமல் போனார்கள். மறுநாள் இன்னும் இரண்டு பேர் காகிதத்தோடு வந்தார்கள். சயன்ஸ் படிக்க வேண்டிய பிள்ளை இப்படி நிலப்பத்திரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இப்படியே போனால் அவளும் பாதியில் நிறுத்திவிட்டு என் பக்கத்து நாற்காலிக்கு வந்துவிடுவாள். அதை மட்டும் என்னால் பார்க்க முடியாது.

ஒரே ஒரு வழி இருக்கிறது. அடுத்த வாரம் பள்ளி மாற்றத்துக்கும் பாடப்பிரிவு மாற்றத்துக்கும் விண்ணப்பிக்கலாம், பள்ளுருத்தியில் உயிரியலில் இரண்டு இடம் காலியாக இருக்கிறது, நான் பார்த்துவிட்டேன். ஆனால் அப்பாவின் போனுக்கு ஒரு எண் வரும், அதை அவர் சொன்னால்தான் விண்ணப்பம் போகும். அம்மாவைச் சொல்லச் சொன்னால், அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிறாள். நான் சொல்வது நடக்காது. தாய்மாமன் நீங்கள் சொன்னால் அப்பா தட்ட மாட்டார். வெள்ளிக்கிழமைக்குள் அவருக்குப் போன் செய்து, ரோஜாவைச் சயன்ஸுக்கு மாற்றச் சொல்லுங்கள். கோபமாகவே சொல்லுங்கள். ரசத்தைப் பற்றி அவர் கேட்டால் எதுவும் சொல்ல வேண்டாம்.

அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். பெரியவர்களான உங்கள் ஆசியை எங்கள் இருவருக்கும், முக்கியமாக ரோஜாவுக்கு, இந்தக் கடிதம் கிடைத்த கையோடு அனுப்பி வைக்க வேண்டுகிறேன்.

தங்கள் அன்புள்ள,
வீ. பாக்கியலக்ஷ்மி

பின்குறிப்பு: மாமா, தயவுசெய்து அப்பாவுக்குப் போன் செய்ய வேண்டாம். உங்கள் வீட்டுப் பின்கோடு கேட்கலாம் என்று ரோஜாவிடம் போனேன். கையிலிருந்து கடிதத்தைப் பிடுங்கி நின்றபடியே முழுவதும் படித்துவிட்டாள்.

“அக்கா, நான் எப்ப சயன்ஸ் வேணும்னு சொன்னேன்?”

நர்ஸ் ஆகணும்னு சொல்வாயே என்றேன்.

“அது நீ சொல்றது. ரெண்டு வருசமா நீதான் சொல்ற. எனக்கு ரத்தத்தப் பாத்தாலே தலை சுத்தும்.”

இது எனக்குத் தெரியவே தெரியாது. அப்படியானால் பட்டியல் வந்த அன்று ஏன் அழுதாய் என்று கேட்டேன்.

“நீ அழுத. அதப் பாத்து அழுதேன்.”

சுவரில் போடுகிற கோடு ஈரம் ஒரு நாளில் எவ்வளவு நகர்கிறது என்று பார்ப்பதற்காம், டீச்சர் பாராட்டினார்களாம். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் யாரும் எதுவும் கேட்காமல் வெளியே பார்த்துக்கொண்டு போவதுதான் நாளிலேயே நல்ல நேரமாம். அப்பா செய்தது சரியாகிவிட்டது. அதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

பிறகு ரோஜா, “பள்ளுருத்தில காலியா இருக்குற எடத்தை யாருக்குப் பாத்த?” என்று கேட்டாள். சோறு வடிக்கணும் என்று எழுந்து வந்துவிட்டேன். நின்றுபோனவர்கள் வீட்டிலிருந்தே பிளஸ் ஒன் எழுத ஓபன் ஸ்கூல் இருக்கிறது. இந்த வருஷம் நானே ஆறு பேருக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தேன்.

வேறு தாள் இல்லை, அதனால் எழுதியதை அப்படியே அனுப்புகிறேன். எப்படியும் போன் செய்யத்தான் போகிறீர்கள் என்றால், அப்பாவிடம் சொல்லி என்னைக் கூப்பிடுங்கள். எனக்கு என்ன படிக்க வேண்டும் என்று கேளுங்கள். உடனே பதில் வராது. லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதீர்கள்.