அக்காவை வழியனுப்ப எழுந்த கால்

வலி இல்லையென்றால் கோளாறும் இல்லை என்று நம்புகிற அளவுக்கு நான் ஒரு காலத்தில் அறிவாளியாக இருந்தேன். அதன் பலனை நான் மட்டும் அனுபவித்திருந்தால், இதை இன்னும் சிரிப்பாக எழுதியிருக்கலாம்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. திருவாரூர் பக்கம் எங்கள் ஊர் வாய்க்கால் மதகிலிருந்து குதித்துக் காட்டுகிறேன் பேர்வழி என்று முழங்கால் ஜவ்வைக் கிழித்துக்கொண்டேன். (கண்டுகளித்தவை இரண்டு எருமைகள்.) தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காலையில் ஆபரேஷன். அன்று சாயங்காலமே ஸ்டெல்லா அக்கா நர்ஸ் வேலைக்குக் குவைத் கிளம்புகிறாள்.

மயக்க டாக்டர் என் தொடை இடுக்கில் ஓர் ஊசி போட்டிருந்தார். முழங்காலுக்குப் போகும் நரம்பை மட்டும் மரத்துப்போக வைக்கும் ஊசி. வலி துளியும் இல்லை.

"நாளைக்கு வரைக்கும் இந்தக் கால் உங்களத் தாங்காது தம்பி. யாரும் புடிக்காம எறங்காதீங்க" என்றார். தலையாட்டினேன்.

அம்மா தொடையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "கால் செத்துப்போச்சா டாக்டர்?" என்று கலங்கினாள்.

அம்மா அக்காவோடு சென்னை விமான நிலையம் வரை போவது, அப்பா என்னோடு இருப்பது என்று ஏற்பாடு. வேன் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. அக்கா மேலே வந்து என் தலையைத் தடவினாள். "டாக்டர் சொல்ற வரைக்கும் எறங்காதடா" என்றாள். அழாமல் போனாள். அப்பா பெட்டியை ஏற்றிவிடக் கூடவே இறங்கினார்.

அக்கா போகும்போது நான் நிற்பதைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. கட்டிலிலிருந்து ஜன்னல் நாலே எட்டு தூரம். முதல் எட்டு நல்ல கால். இரண்டாவது எட்டில், ஈரச் சாக்கு மாதிரி அப்படியே மடிந்து விழுந்தேன். விழுந்தும் வலிக்கவில்லை என்பதால் சிரித்தேன். தரையில் கிடந்து சிரிப்பவனைப் பார்த்த பக்கத்துக் கட்டில்காரர் போட்ட கூச்சல் வேன் வரை கேட்டது.

அம்மா ஓடி வந்தபோது கட்டு சிவந்திருந்தது. உள்ளே வைத்த ஜவ்வு விட்டுப்போயிருந்தது. மறுபடி ஆபரேஷன். அம்மா என்னை விட்டு நகர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

"நீ அப்பாவோட போ. ரெண்டு வருஷந்தான, ஓடிரும்" என்று வேன் ஜன்னலில் அக்காவின் கையைப் பிடித்துச் சொன்னாளாம்.

பதினாலாவது மாதம் அம்மா மாரடைப்பில் போய்விட்டாள். அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் ஊன்றுகோலோடு நின்று இரண்டு பிடி மண் போட்டேன். ஒன்று அக்காவுக்காக. பக்கத்து வீட்டு போனில் அதைச் சொல்லி, "என்னாலதான்க்கா அன்னைக்கு அம்மா உன்கூட ஏர்போர்ட்டு வரைக்கும் வராமப் போச்சு" என்று அழுதேன்.

"நின்னுக்கிட்டா பேசுற? மொதல்ல உக்காருடா" என்றாள். இருவரும் சிரித்தோம். அப்புறம் சேர்ந்து அழுதோம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் வெளியூர் கிளம்பினாலும், முதலில் என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத்தான் பெட்டியைத் தூக்குவார்கள். போன வருஷம் அக்கா மகள் கனடாவுக்குக் கிளம்பியபோதும் அதே சடங்கு, அதே சிரிப்பு. சிரிப்பு அடங்குவதற்குள் அக்கா காரில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"ஏர்போர்ட்டு வரைக்கும் நீ எதுக்கும்மா? முட்டி வலிங்கிறியே" என்றாள் மகள்.

"வலிக்கட்டும்" என்றாள் அக்கா.