டத்தோ தேதி கொடுத்துவிட்டார்

கையெழுத்து விழாவுக்கு எல்லாம் தயார். சிறப்பு விருந்தினர் டத்தோவின் தேதி கிடைத்துவிட்டது. முந்நூறு பேருக்கு பிரியாணி சொல்லியாகிவிட்டது. ஈப்போவிலிருந்து கண்ணாடி உருண்டை வாடகைக்கு வந்து இறங்கிவிட்டது. டத்தோ அதன்மேல் உள்ளங்கையை வைத்ததும் நீல விளக்கு எரியும், பக்கத்துக் குழாயிலிருந்து புகை வரும். ஒப்பந்தத்தில் எதிர்ப்பக்கம் கையெழுத்துப் போட ஒரு நிறுவனம்தான் இன்னும் கிடைக்கவில்லை.

"கம்பெனி பேரு போடற இடம் காலியா இருக்கே," என்றார் பேனர் அடிப்பவர் தொலைபேசியில்.

"நாளைக்குச் சொல்லிடறேன் அண்ணே," என்றாள் ரோஸ்லைலி.

மூன்று நாளாக இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகும் பிரிவில் அவள் அதிகாரி. பிரிவு தொடங்கி ஆறு வருடமாகிறது. அங்கிருந்து இதுவரை சந்தைக்குப் போனது அவள் ஒருத்திதான், அதுவும் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க. இந்த மாதத்துக்குள் ஒரு நிறுவனமாவது ஒரு கண்டுபிடிப்பையாவது எடுத்துக்கொள்ளாவிட்டால் பிரிவை இழுத்து மூடிவிட்டு, அவளைக் கடல் தாண்டி சரவாக் கிளைக்கு மாற்றிவிடுவதாக உத்தரவு. மகளை இப்போதுதான் பள்ளியில் சேர்த்திருந்தாள். அம்மாவோ விமானத்தைப் படத்தில் பார்த்தாலே மூச்சு வாங்குகிறவள்.

கூட்டாளியே இல்லாமல் எப்படி விழா வைத்தார்கள் என்று வெளியாட்கள் கேட்கலாம். உள்ளாட்கள் கேட்கமாட்டார்கள். தேதி முதலில், கூட்டாளி பிறகு. நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும், டத்தோ கிடைப்பாரா?

சந்தைக்குப் போகவேண்டிய பொருள், பேராசிரியர் லோக்மானின் நெத்திலி இயந்திரம். காய்ந்த நெத்திலியை மேலே கொட்டினால் தலையைக் கிள்ளிவிட்டு உடம்பைக் கீழே தரும். பதினோரு வருட உழைப்பு. பாங்கோர் தீவிலிருந்து கருவாட்டு மொத்த வியாபாரி தவுக்கே ஓங் படகேறி வந்து அதைப் பார்த்தார். ஒரு கூடை நெத்திலி மேலே போனது. கீழே வந்த தட்டை அவர் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"தலை போயிடுச்சு, சரி. மீனு எங்க?"

"தலையை எடுக்கறதுல தொண்ணூத்தெட்டு சதவீதம் துல்லியம், தவுக்கே," என்றார் பேராசிரியர்.

"நான் தலை இல்லாத மீனு விக்கிறவன் புரொபசர். மீனே இல்லாத தட்டை யாருக்கு விக்கிறது? எங்க பொம்பளைங்க டிவி நாடகம் பாத்துக்கிட்டே கிள்ளுவாங்க, வாலுகூட உடையாது."

ரோஸ்லைலி அவர் கையைக் காலைப் பிடித்து இரண்டு நாள் தவணை வாங்கினாள். பேராசிரியர் சாப்பாடு தண்ணீர் இல்லாமல் இயந்திரத்தைத் திருத்தினார். திருத்தியதில் தலை தப்பித்தது, வால் போக ஆரம்பித்தது. தவுக்கே படகேறிவிட்டார்.

அவள் வட மாநிலங்களிலிருக்கும் நாற்பது நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பினாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இயக்குநர் துவான் ஹாஜி பத்ருல் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்.

"யுனிவர்சிட்டின்னு பாத்தாலே கம்பெனிக்காரன் ஓடறான், லைலி. நம்மகிட்டயே ஒரு கம்பெனி இருக்கில்ல? அதோட லெட்டர்ஹெட்ல அனுப்பு."

இருந்தது. யாரோ ஒரு துணைவேந்தர் காலத்தில் பதிவுசெய்த 'அன்ஜுங் இண்டா ஹோல்டிங்ஸ்'. அதன் மொத்தச் சொத்து ஒரு ரப்பர் முத்திரையும் அரைக்கட்டு லெட்டர்ஹெட்டும்தான்.

"மெஷின வாங்கிக்கங்கன்னு எழுதட்டுமா, துவான்?"

"அய்யோ, வேணாம். பயந்துருவாங்க. வட மண்டலத்துல தொழில்நுட்பக் கூட்டாளி தேடறோம்னு மட்டும் போடு. மத்ததை நேர்ல பாத்துக்கலாம்."

கடிதம் மின்னஞ்சலில் போன ஒரு மணி நேரத்தில் கெடா மாநிலத்திலிருந்து தொலைபேசி வந்தது. 'கெமிலாங் பெஸ்தாரி வென்ச்சர்ஸ்' என்ற நிறுவனத்தின் மேலாளர் அஸ்ருல் பேசினார்.

"உங்க மாதிரி ஒரு கம்பெனியைத்தான் மேடம் இத்தன நாளா தேடிக்கிட்டிருந்தோம்."

ரோஸ்லைலி நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "மெஷினைப் பத்தி விவரம் அனுப்பட்டுமா?"

"விவரமெல்லாம் மெதுவாப் பேசிக்கலாம். கையெழுத்து மட்டும் இந்த மாசத்துக்குள்ள முடிஞ்சிடுமா?"

"வியாழக்கிழமையே முடிஞ்சிடும். டத்தோவே வர்றார்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. அந்தப் பெருமூச்சை எங்கேயோ கேட்டதுபோல இருந்தது அவளுக்கு.

"உங்க இடத்துக்குள்ள லாரி நுழையுமா, மேடம்?"

"தாராளமா நுழையும்."

அன்றைக்கே ஏற்றிக்கொண்டு போகிற ஆளும் உலகத்தில் உண்டா என்று அவள் பூரித்துப்போனாள். பேனர்காரருக்குப் பெயர் போனது.

வியாழக்கிழமை டத்தோ ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தார். வரவேற்புக்குக் கொம்பாங் மேளம் அடித்து அடித்துப் பையன்களின் கை வீங்கியிருந்தது. இயக்குநர் இயந்திரத்தைச் சரிகைத் துணியால் போர்த்தி, பேராசிரியரை அதற்கு மூன்று வரிசை தள்ளி உட்கார வைத்திருந்தார்.

"ஒரே ஒரு பிடி நெத்திலி போட்டுக் காட்டட்டுமா, துவான்?" என்று எழுந்தார் பேராசிரியர்.

"உக்காருங்க புரொபசர். நல்லபடியா போய்க்கிட்டிருக்கு."

நல்லபடியாகத்தான் போனது. பல்கலைக்கழகம் தொழில்துறையோடு கைகோக்க வேண்டும் என்று டத்தோ முக்கால் மணி நேரம் பேசினார். கையெழுத்துப் போட இயக்குநருக்கு ஏழு விநாடி ஆனது, அஸ்ருலுக்கு நான்கு. இரண்டு பேருமே காகிதத்தைப் படிக்கவில்லை; படித்தால் எதிராளிக்குச் சந்தேகம் வந்துவிடுமோ என்ற பயம் ரோஸ்லைலியின் பக்கத்தில் இருந்தது. அஸ்ருல் ஏன் படிக்கவில்லை என்று அவள் யோசிக்கவில்லை.

டத்தோ உருண்டைமேல் கை வைத்தார். விளக்கு எரிந்தது, புகை வந்தது. வந்த புகை நிற்கவில்லை. மேடை மறைந்தது, பேனர் மறைந்தது, கடைசியில் டத்தோவும் மறைந்தார். புகைக்குள்ளிருந்து இருமல் கேட்ட திசையைப் பார்த்து எல்லாரும் கைதட்டினார்கள்.

பிரியாணிப் பந்தியில் அஸ்ருல் அவளைத் தேடி வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது, புகையாக இருக்கலாம்.

"இந்த உதவிய மறக்கமாட்டேன், மேடம். எங்க ஆபீசே உங்களாலதான் பொழச்சுது."

இவ்வளவு பெரிய நிறுவனத்துக்காரர் இப்படிப் பணிவாகப் பேசுகிறாரே என்று அவள் உருகிப்போனாள். ஓரமாகப் போய் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, சரவாக் இல்ல. நாம எங்கயும் போகல."

அம்மா அழுதாள். இவளும் அழுதாள்.

பேராசிரியர் லோக்மான் இயந்திரத்தின் மேல்மூடியைத் தடவிக்கொடுத்து விடை கொடுத்தார். "மழைத்தண்ணி படாம வச்சுக்கச் சொல்லு, லைலி," என்றார். நான்கு பேர் சேர்ந்து அதை உருட்டிக்கொண்டு பின்வாசலுக்குப் போனார்கள். அங்கே கெடாவிலிருந்து வந்த லாரி தார்ப்பாய் போர்த்தி நின்றது. ஓட்டுநர் பாக் செமான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, பின்கதவைத் திறங்க. ஏத்திடலாம்," என்றாள் ரோஸ்லைலி.

அவர் தார்ப்பாயை விலக்கினார். உள்ளே இண்டு இடுக்கில்லாமல், கூரையை முட்டிக்கொண்டு, ஒரு பச்சை இரும்பு இயந்திரம் நின்றுகொண்டிருந்தது.

"முதல்ல இதை இறக்கிக்கங்க, மகளே," என்றார் பாக் செமான். "எங்க யுனிவர்சிட்டியில ஒம்பது வருசமா இதை எடுத்துக்க ஒரு கம்பெனியும் வரல, நீங்கதான் முதல் கம்பெனி."