நூற்றி நாலு சென்ரிமீற்றர்

இந்த வீட்டில் ஒருவரும் ஐஸில் ஏறக்கூடாது என்று சோதிலிங்கம் சட்டம் போட்டார். வீட்டில் இருப்பது இரண்டே பேர். அவர் ஏறப்போவதில்லை. சட்டம் யாருக்கு என்று விளக்கத் தேவையில்லை.

பலெர்மோவில் ஐஸ் ஏது என்று கேட்கவேண்டாம். இருக்கிறது. பிரான்காச்சோவுக்கு அப்பால், மீன் வைத்த பழைய குளிரறை ஒன்றை யாரோ விளையாட்டிடமாக மாற்றினார்கள். மீன் போய்விட்டது. மணம் போகவில்லை. சனிக்கிழமைகளில் அங்கே பெண்கள் ஐஸ் ஹொக்கி ஆடுவார்கள். மேல்மாடி எவ்லினும் அதில் ஒருத்தி. மொரீசியஸ்காரி. கிழமை நாளில் பணக்காரத் தெருவான லிபெர்த்தாவில் வீட்டுவேலை, சனிக்கிழமையில் அடிதடி.

அவர்களுடைய கோல் கீப்பர் கலியாணம் கட்டிக்கொண்டு மிலானோவுக்குப் போய்விட்டாள். எவ்லின் நேரே வந்து சோதிலிங்கத்தின் மனைவி ஞானம்பிகையைக் கேட்டாள். கேட்டதில் நியாயம் இருந்தது. ஞானம்பிகை லிபெர்த்தாவில் ஒரு கிழட்டு அவொக்காத்தோவைப் பராமரிக்கிறார். பழைய வக்கீல், வயது தொண்ணூற்றிரண்டு. வழக்குப் பேசி ஓய்ந்த பிறகு அந்த மனிதருக்குக் கையில் அகப்பட்டதை எறிவதுதான் தொழில். மருந்துப் போத்தல், கரண்டி, கண்ணாடி, ஒருமுறை பல்செட். ஆறு வருஷத்தில் ஒன்றாவது நிலத்தில் விழுந்ததில்லை. எல்லாம் ஞானம்பிகையின் கையில்.

நாற்பத்தெட்டு வயதில் நீதான் வேண்டும் என்று ஒரு கூட்டம் வந்து நின்றால் யாருக்குத்தான் ஆசை வராது. வந்துவிட்டது. இரவுச் சாப்பாட்டில் ஞானம்பிகை கதையை மெல்ல எடுத்துவிட்டார்.

சோதிலிங்கம் புட்டைக் குழைத்த கையை நிறுத்தினார். ஹொக்கியைப் பற்றி அவருக்குச் சொல்லித்தர ஆளில்லை. பதினொரு வருஷமாகப் பிரான்காச்சோப் பட்டறையில் அவருக்கு அதுதான் வேலை. வடக்கே மலைப்பக்கத்துக் கழகங்களுக்கு ஆளுக்கு ஆள் அளவெடுத்துக் காப்புகள் செய்வார்கள். தலைக்கவசம், மார்க்காப்பு, கால்காப்பு, பஞ்சு வைத்த காற்சட்டை. செய்தபின் உடையுமா என்று அடித்துப் பார்ப்பது சோதிலிங்கத்தின் பொறுப்பு. அதற்கென்று பட்டறையில் ஒரு இரும்புத் தலை இருக்கிறது. அதில் கவசத்தை மாட்டி உயரத்திலிருந்து போடுவார். அந்தத் தலைக்கு அவர் வைத்த பெயர் மச்சான். ஞானம்பிகைக்கு ஒரே ஒரு தம்பி.

"பக் எண்டா என்னெண்டு தெரியுமோ?" என்றார். "இறப்பர் வட்டு. உறையவைச்சுத்தான் அடிப்பாங்கள். பல்லிலை பட்டா அவொக்காத்தோவின்ரை செட்டை நீர் கடன் வாங்கவேணும்."

"காப்புப் போட்டுக்கொண்டுதானே நிக்கிறது."

"ஆர் செய்த காப்பு? ஆர் சோதிச்சது? கடையிலை விக்கிறது முழுக்கத் தலையணை. நான் செய்து நான் கையெழுத்து வைச்சதெண்டாச் சொல்லும், லொறிக்கு முன்னாலையும் நிப்பாட்டலாம். மற்றதை நம்பி என்ரை மனிசியை விடமாட்டன்."

ஞானம்பிகை மறுபேச்சுப் பேசவில்லை. இன்னும் கொஞ்சம் புட்டு வைக்கட்டோ என்று கேட்டார். இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்திய மனிதன் அந்த இடத்தில் பயந்திருக்கவேண்டும். சோதிலிங்கம் வைக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு புதன்கிழமைகளில் அவொக்காத்தோ வீட்டில் இரண்டு மணித்தியாலம் கூடுதல் வேலை வந்தது. ஞானம்பிகை நொண்டிக்கொண்டு வருவார். கிழவன் இப்ப நல்லா எறியிறான் என்பார். சோதிலிங்கம் அவருடைய வலது முழங்காலுக்குத் தைலம் பூசிவிட்டு, கிழவனைத் திட்டிவிட்டுப் படுப்பார்.

இரண்டு கிழமை கழித்துப் பட்டறைக்கு ஒரு ஓடர் வந்தது. குளிரறைப் பெண்கள் அணியின் கோல் கீப்பருக்கு முழுச் செட். தாளில் பெயர் கிடையாது, ஒரு இலக்கமும் உடலளவுகளும் மட்டும். பெயர் எழுதினால் பிரைவசி கெட்டுவிடும் என்பது பட்டறை முதலாளியான பத்ரோனேயின் கட்டளை. கீழே மூன்று குறிப்புகள். வலது முழங்கால் குளிருக்கு நோகும், அங்கே பஞ்சு கூடுதலாக வேண்டும். தலைமயிர் கொண்டை, கவசம் பின்பக்கம் ஒரு விரல் உயரவேண்டும். கழுத்தில் கழற்றவே கழற்றாத சங்கிலி ஒன்று, மார்க்காப்பின் உள்ளே அதற்கு மெத்தென்று ஒரு பை வேண்டும்.

சோதிலிங்கம் தாளைத் திருப்பித் திருப்பிப் படித்தார். பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் பதக்கமாக்கும் என்று முடிவுகட்டினார்.

வீட்டுக்கு வந்தும் அதே கதை. "ஆரோ ஒரு கிழவியைப் பிடிச்சிருக்கினம். எவ்லினுக்குப் புத்தி கெட்டுப்போச்சு. முழங்கால் நோவாம், கொண்டையாம். இடுப்பைப் பார்த்தா கோலுக்கு ஆள் விளையாடத் தேவையில்லை. சும்மா நிண்டாலே அடைபட்டுப்போம்."

சொதியைக் கிண்டின அகப்பை நின்றது. "எத்தினை?"

"நூற்றி நாலு."

"அது அவ்வளவு பெரிசில்லையே."

"நூற்றி நாலு பெரிசில்லையோ?"

"எவ்லின் குளிருடுப்புக்கு மேலாலை அளந்திருப்பாள்," என்றார் ஞானம்பிகை. அன்று சொதியில் உப்புக் கொஞ்சம் கூட.

கிண்டல் பேசினாலும் வேலையில் சோதிலிங்கம் சோதிலிங்கம்தான். ஒரு மாதம் இழைத்தார். கவசத்தை ஒரு இரவு முழுக்க உறையவைத்து மச்சானில் மாட்டிப் போட்டார். வெடிப்பு இல்லை. மார்க்காப்பை மரக்கட்டையில் கட்டிவைக்க, பட்டறைத் தோழன் பவுல் யந்திரத்தால் பக் அடித்தான். கட்டை அசைந்தது, காப்பு அசையவில்லை. அந்தச் சங்கிலிப் பைதான் அவரைத் தூங்க விடவில்லை. அடி விழும்போது பதக்கம் எலும்பில் குத்தினால்? கட்டைக்கு நோகுமா என்று கேட்க முடியாது. உயிருள்ள ஒரு பெண் வேண்டும், கழுத்தில் சங்கிலியும் வேண்டும்.

ஒரு ஞாயிறு செட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"இஞ்சேரும், ஒருக்கா வாரும். இதைப் போட்டுக்கொண்டு நில்லும். ஆளளவு பார்க்கவேணும்."

ஞானம்பிகை உடனே சம்மதிக்கவில்லை. வேலை கிடக்கு என்றார். அலுத்துக்கொண்டார். பிறகு வீட்டில் உடுத்திருந்த சோட்டிக்கு மேலால் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு குசினி நடுவில் நின்றார். சோதிலிங்கம் சுற்றிச் சுற்றி வந்தார். தோள் சரி. முழங்கால் சரி. கொண்டை கவசத்துக்குள் போய் இருந்துகொண்டது. தன் அளவுநாடாவை எடுத்து, பஞ்சுக் காற்சட்டைக்கு உள்ளால் இடுப்பைச் சுற்றிப் பிடித்தார். நூற்றி நாலு. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"அதிசயம். அச்சொட்டா உம்மடை அளவு."

"ஓம், அதிசயந்தான்."

தாலிக்கொடியைத் தன் கையாலேயே பைக்குள் வைத்தார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் அவரே கட்டிய கொடி. பைக்கு அளந்து செய்ததுபோல் அடங்கியது. அதற்கும் அதிசயப்பட்டார்.

அடுத்தது அடி. குளிர்ப்பெட்டியில் கருவாட்டுக்குப் பக்கத்தில் கிடந்த பக்குகளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அங்கிருந்து ஒன்றை மார்பைப் பார்த்து எறிந்தார். மார்பில் படவில்லை. ஞானம்பிகையின் கையில் இருந்தது. இரண்டாவதும் கையில். மூன்றாவதைக் கொஞ்சம் கோணலாக, வேகமாக விட்டார். அதுவும்.

"பிடிக்காதையும். படவேணும்."

"கை தன்ரை பாட்டிலை போகுது."

கடைசியில் கைகளைப் பின்னால் கட்டச் சொல்லி எறியவேண்டியிருந்தது. பட்டது. சங்கிலி குத்துதோ என்று ஓடிவந்து கேட்டார். நுளம்பு கடித்த அளவும் இல்லை என்று பதில் வந்தது. சோதிலிங்கம் மேசையில் குந்தியிருந்து சோதனைத் தாளை நிரப்பினார். இடுப்பு நூற்றி நாலு, சொந்தக் கையால் அளந்தது என்றும் எழுதினார். அவர் எழுதிய தாளில் வெட்டுத்திருத்தம் இருக்காது. பத்ரோனே கெஞ்சிக் கேட்டாலும் ஒரு இலக்கத்தை மாற்றமாட்டார். அது பிரான்காச்சோ முழுக்கத் தெரிந்த விஷயம்.

ஞானம்பிகை தோளுக்கு மேலால் எட்டிப்பார்த்தார். "வெறும் கையெழுத்துக் காணுமோ? பாவம், அந்தக் கிழவி பயப்பிடும். தைரியத்துக்கு ஒரு வரி எழுதிவிடுங்கோவன்."

நல்ல யோசனை என்று பட்டது. 'இதைப் போட்டுக்கொண்டு நிற்பவருக்கு ஒன்றும் நடக்காது. நான் பொறுப்பு' என்று இத்தாலியனில் எழுதி, கீழே நீளமாகக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த சனி போட்டி. காப்பு களத்தில் எப்படி நிற்கிறது என்று பார்த்துவர பத்ரோனே அவரையும் பவுலையும் அனுப்பினார். ஞானம்பிகைக்கு அன்றும் கூடுதல் வேலை. காலையிலேயே போய்விட்டார்.

குளிரறையில் சோதிலிங்கத்துக்கு மீன்மணம் தெரியவில்லை. அவருடைய செட் கோலில் நின்றது. பக் வந்தது, பிடிபட்டது. வந்தது, பிடிபட்டது. எதிரணி களைத்துப்போனது. சோதிலிங்கம் முன்வரிசை, பின்வரிசை, பானினி விற்கிறவன் வரை எல்லோரிடமும் அது என்ரை செட், என்ரை கையெழுத்து என்று சொல்லிமுடித்தார். கிழவி கெட்டிக்காரி என்றும் ஒப்புக்கொண்டார்.

கடைசி நிமிஷத்தில் ஒரு முரட்டுப் பெண் பக்கத்தில் வந்து முழுப்பலத்தோடு அடித்தாள். பக் நேரே மார்க்காப்பில். கோல் கீப்பர் மல்லாந்து விழுந்தார். கூட்டம் எழும்பியது. சோதிலிங்கமும் எழும்பினார். பை, பை என்று முணுமுணுத்தார்.

கோல் கீப்பர் எழும்பி முழங்காலில் இருந்தார். ஒரு கையுறையைக் கழற்றினார். மார்க்காப்பின் கழுத்துப் பக்கம் விரலைவிட்டு மஞ்சள் கொடியை வெளியே எடுத்தார். முகக்கம்பியை உயர்த்தி, தாலியை இரண்டு கண்ணிலும் ஒற்றி, திரும்பப் பையில் வைத்தார்.

சாந்தா ரொசாலியாவை யாரும் அப்படி ஒற்றமாட்டார்கள்.

சோதிலிங்கம் இருந்துவிட்டார். பக்கத்தில் பவுல், கிழவி பிழைத்துவிட்டாள், உன் காப்பு வைரம் என்று முதுகில் தட்டினான். போட்டியும் வென்றாகிவிட்டது.

உடைமாற்றும் அறை வாசலில் ஞானம்பிகை சிவந்த முகத்தோடு வந்தார். சோதிலிங்கம் இத்தனை நேரமும் சேர்த்துவைத்ததைக் கொட்டத் தொடங்கினார். என்ன துணிச்சல், எலும்பு நொறுங்கியிருந்தால் என்ன கதி, இதைவிட ஆபத்தான விளையாட்டு உலகத்திலேயே இல்லை.

ஞானம்பிகை கையில் இருந்த மார்க்காப்பைத் திருப்பினார். சங்கிலிப் பைக்குள் இருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்தார்.

"இது உங்கடை கையெழுத்துத்தானே?"

சுற்றிலும் ஆட்கள். பவுல், எவ்லின், பானினிக்காரன். இவ்வளவு பேரிடமும் அவர் பெருமை அடித்தாகிவிட்டது.

"காப்புப் பிழையோ, கையெழுத்துப் பிழையோ? ஏதாவது ஒண்டைச் சொல்லுங்கோ. நான் விளையாட்டை விடுறன்."

சோதிலிங்கம் தாளைப் பார்த்தார். பவுலைப் பார்த்தார். பதினொரு வருஷத்தைப் பார்த்தார்.

"காப்பு... சரிதான்."

"அப்ப அடுத்த சனியும் வாறன்," என்று காப்புகள் திணித்த பெரிய பையை அவருடைய தோளில் மாட்டினார் ஞானம்பிகை.

பஸ்ஸில் சோதிலிங்கம் மடியில் காற்சட்டையும் காலடியில் கால்காப்புமாக இருந்தார். இரண்டு நிறுத்தம் போனது. பிறகு அடக்கமுடியாமல் கேட்டார். "நெஞ்சிலை நோகுதோ?"

"இல்லை. நல்ல காப்பு."

அவருக்கு உள்ளே கொஞ்சம் இனித்தது.

"ஆனா தாளிலை ஒரு பிழை இருக்கு."

"என்ரை தாளிலை பிழை வராது."

"இடுப்பு நூற்றி ரெண்டு."

சொந்தக் குசினியில், சொந்த நாடாவால், சொந்தக் கையால் அளந்தது. சோதிலிங்கம் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அங்கே கோல் போட வழியில்லை.

பேனாவை எடுத்தார். நாலை வெட்டி இரண்டு என்று எழுதினார். பக்கத்தில் கையெழுத்தும் வைத்தார்.